தண்ணீர் வயலுக்கு, இறக்கம் மின்சாரத்துக்கு



கோபிசெட்டிபாளையம் பக்கத்திலிருந்து ஒரு கடிதம் வந்திருக்கிறது. எழுதியவர் கீழ்பவானி வாய்க்கால் பாசனத்தில் நெல்லும் கடலையும் பயிரிடுகிறவர். இரண்டே கேள்விகள் கேட்டிருக்கிறார். "அணையடியில டர்பைன் வெச்சுக் கரண்டு எடுத்துட்டாத் தண்ணியோட சத்துப் போயிருதுன்னு எங்கப்பாரு சொல்லுவாருங்க. அது நெசந்தானுங்களா?" என்பது முதல் கேள்வி. "நெசமில்லீன்னா, எங்க வாய்க்கால்ல தண்ணி எத்தனையோ எடத்துல எறங்கி விழுகுதுங்க. அங்கெல்லாம் ஏன் எடுக்கறதில்லை?" என்பது இரண்டாவது.

முதல் கேள்வி பலருக்கும் சிரிப்பை வரவழைக்கும். எனக்கு வரவில்லை. அறுபது ஆண்டுகள் ஒரே வாய்க்காலைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு மனிதர் சொன்ன வார்த்தைக்குப் பின்னால் ஏதோ ஒன்று இருக்கும். இருக்கிறது. அணை கட்டுவதற்கு முன்பு வெள்ளத்தோடு வண்டல் வரும், வயலில் படியும். அணை கட்டிய பிறகு அந்த வண்டலில் பெரும்பகுதி நீர்த்தேக்கத்தின் அடியிலேயே தங்கிவிடுகிறது. மதகு வழியாக வெளியே வருவது தெளிந்த தண்ணீர். அணைத் தண்ணீரில் சத்து குறைவு என்று அந்தப் பெரியவர் சொன்னது உண்மை. அதை எடுத்துக்கொண்டது டர்பைன் என்பதுதான் தவறு.

டர்பைன் எடுப்பது தண்ணீரின் இறக்கத்தில் இருக்கும் ஆற்றலை மட்டும். ஒரு கன அடி உள்ளே போனால் ஒரு கன அடி வெளியே வருகிறது. அதில் கரைந்திருக்கும் உப்போ சுண்ணாம்போ கூடுவதுமில்லை, குறைவதுமில்லை. டர்பைன் இல்லாவிட்டால் அந்த ஆற்றல் என்ன ஆகும்? நுரையாகவும் இரைச்சலாகவும் சிதறிக் கடைசியில் வெப்பமாகிவிடும். 10 மீட்டர் உயரத்திலிருந்து விழும் தண்ணீர், அந்த ஆற்றல் முழுவதும் வெப்பமானாலும், 1 டிகிரி செல்சியசில் நாற்பதில் ஒரு பங்குகூடச் சூடேறாது. கையை வைத்துப் பார்த்தால் தெரியாது, வெப்பமானி வைத்துப் பார்த்தாலும் எளிதில் தெரியாது. அவ்வளவுதான் தண்ணீருக்கு நேரும் வேறுபாடு.

ஒன்றை மட்டும் சேர்த்துச் சொல்லவேண்டும். அணையின் ஆழத்திலிருந்து வரும் தண்ணீரில் காற்று குறைவாக இருக்கும். மதகில் நுரைத்து விழும்போது அது காற்றை வாங்கிக்கொள்ளும். டர்பைன் வழியாக அமைதியாக வந்தால் அந்த அளவுக்கு வாங்காது. நெல்லுக்கு இதனால் ஒன்றுமில்லை. அணையடியில் இருக்கும் மீனுக்கு இது முக்கியம். மின்நிலையம் வடிவமைக்கிறவர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டிய செய்தி.

இனி இரண்டாவது கேள்வி. இந்தப் பக்கம் முழுவதையும் அதற்கே கொடுக்கலாம் என்று நினைக்கிறேன். கேட்டவர் கீழ்பவானிக்காரர் என்பதால் கணக்கையும் அங்கிருந்தே தொடங்குவோம்.

1955-ல் கட்டி முடிக்கப்பட்ட பவானிசாகர் அணையிலிருந்து புறப்படும் கீழ்பவானி வாய்க்கால் ஏறத்தாழ 200 கிலோமீட்டர் ஓடுகிறது. பாசனப் பரப்பு 2 லட்சத்து 7 ஆயிரம் ஏக்கர். ஒற்றைப்படை மதகுகளுக்கு ஒரு பருவம், இரட்டைப்படை மதகுகளுக்கு ஒரு பருவம் என்று மாற்றி மாற்றித் தண்ணீர் விடுவது அங்கே வழக்கம். வாய்க்கால் நிரம்பி ஓடும்போது தலைப்பில் 2,300 கன அடி போகும். நொடிக்கு 65 கன மீட்டர். இந்தத் தண்ணீர் ஒரே ஒரு மீட்டர் இறங்கினால், நல்ல இயந்திரம் கொண்டு பிடித்தால், சுமார் 500 கிலோவாட் கிடைக்கும். அணைக்கணக்கில் சொல்வதானால், 1 டி.எம்.சி. தண்ணீர் 1 மீட்டர் இறங்கும்போது அதனுள் இருக்கும் ஆற்றல் 77 ஆயிரம் யூனிட். இயந்திரத்தில் போகும் இழப்பைக் கழித்தால் 60 ஆயிரம் யூனிட் கைக்கு வரும். மேட்டூர் நிறைந்தால் 93.47 டி.எம்.சி. அந்தத் தண்ணீர் எத்தனை மீட்டர் இறங்கி, எத்தனை இடத்தில் விழுந்து கடைமடைக்குப் போய்ச் சேருகிறது என்று எண்ணிப்பாருங்கள்.

விழுகிற இடத்தில் நாம் என்ன செய்கிறோம் தெரியுமா? எந்த அணையின் மதகுக்குக் கீழேயும் போய்ப் பாருங்கள். பாதுகாப்பான தொலைவில் நின்று பாருங்கள். தண்ணீர் வந்து விழும் இடத்தில் ஆழமான கான்கிரீட் தொட்டி கட்டியிருப்பார்கள். அதன் தரையில் பல் பல்லாகக் கான்கிரீட் கட்டைகள் நிற்கும். சீறி வருகிற தண்ணீர் அந்தக் கட்டைகளில் மோதி, எழும்பி, தன்மேலேயே புரண்டு, வேகம் அடங்கித் தொட்டியைவிட்டு வெளியேறும். இப்படிச் செய்யாவிட்டால் வாய்க்காலின் கரையை அரித்துவிடும்; அணையின் அடியையே தோண்டிவிடும். எனவே தொட்டி வேண்டும். ஆனால் அதன் வேலை என்ன என்று பார்த்தால், தண்ணீரின் ஆற்றலைக் கொல்வது. அதற்காக நாம் சிமென்டும் கம்பியும் வாங்கிச் செலவு செய்கிறோம். பிறகு அதே ஊரில் மோட்டார் ஓட்ட மின்சாரம் தேடுகிறோம்.

தமிழ்நாட்டில் இதை யாரும் யோசிக்கவில்லை என்று சொல்லமுடியாது. மேட்டூர் அணை 1934-ல் முடிந்தது. 1937-லேயே அணையடியில் மின்சாரம் எடுக்கத் தொடங்கிவிட்டார்கள். டெல்டாப் பாசனத்துக்கென்று கட்டிய அணை அது. பாசனமும் மின்சாரமும் ஒரே தண்ணீரில் இருக்கமுடியும் என்பது நம் மண்ணில் அப்போதே தெரிந்த செய்தி. அதன்பின் சுதந்திர இந்தியாவில் கட்டிய நடுத்தர அணைகளில் அந்த நினைவு தப்பிவிட்டது. சாத்தனூர் 1958, வைகை 1959. இரண்டிலும், பவானிசாகரிலும், கட்டி முடிந்து முப்பது ஆண்டுகளுக்கு மேல் தண்ணீர் சும்மாதான் விழுந்துகொண்டிருந்தது. பிறகுதான் வைகையில் 3 மெகாவாட்டாக இரண்டு இயந்திரங்கள், சாத்தனூரில் 7.5 மெகாவாட் என்று வந்தன. பவானிசாகரில் ஆற்றில் விடும் தண்ணீருக்கு 8 மெகாவாட், வாய்க்காலில் விடும் தண்ணீருக்கு 8 மெகாவாட் என்று இரண்டு நிலையங்கள். அமராவதி அணையில் 4 மெகாவாட், ஆழியாறில் 2.5, திருமூர்த்தியில் 1.95, குமரி மாவட்டத்துப் பெருஞ்சாணியில் 1.3. எல்லாம் பாசனத்துக்குத் திறக்கிற தண்ணீர். 25 மெகாவாட் வரை சிறு புனல் மின்நிலையம் என்பது இந்தியாவின் கணக்கு. அதன்படி இவை எல்லாமே சிறியவை.

மேட்டூருக்குக் கீழே காவிரியில் செய்திருப்பது இன்னும் கவனிக்கத்தக்கது. செக்கானூர், நெரிஞ்சிப்பேட்டை, கோனேரிப்பட்டி, ஊராட்சிக்கோட்டை என்று ஆற்றின் குறுக்கே அடுத்தடுத்துக் கதவணைகள். ஒவ்வொன்றிலும் 30 மெகாவாட். இங்கே உயரம் மிகக் குறைவு; மலையில் பார்க்கும் புனல் மின்நிலையங்களோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை. ஆனால் தண்ணீரின் அளவு அதிகம். அதற்கேற்ப 'பல்ப் டர்பைன்' என்கிற வகையைப் போட்டிருக்கிறார்கள். ஜெனரேட்டரை ஒரு பெரிய இரும்புக் கூட்டுக்குள் அடைத்து, அந்தக் கூட்டையே தண்ணீர் ஓடும் பாதைக்குள் வைத்துவிடுவார்கள். தண்ணீர் அதைச் சுற்றிக்கொண்டு நேராகப் போய் இறக்கைகளைத் திருப்பும். வளைந்து நெளிந்து போனால் இருக்கிற கொஞ்ச உயரமும் வளைவிலேயே கரைந்துவிடும் என்பதால் இந்த ஏற்பாடு.

இந்தக் கதவணைகள் பற்றி ஒரு செய்தி நாளிதழ்களில் அடிக்கடி வரும், பலரும் குழம்பிப்போவார்கள். காவிரியில் வெள்ளம் வரும்போது 'கதவணைகளில் மின் உற்பத்தி நிறுத்தம்' என்று எழுதுவார்கள். இவ்வளவு தண்ணீர் போகிறதே, இப்போது போய் ஏன் நிறுத்துகிறார்கள்? காரணம் எளியது. வெள்ளத்தில் ஷட்டர்களை எல்லாம் தூக்கிவிடவேண்டும். தூக்கியதும் அணைக்கு மேலும் கீழும் தண்ணீர் ஏறக்குறைய ஒரே மட்டத்துக்கு வந்துவிடும். மட்ட வேறுபாடு போய்விட்டால் டர்பைனைத் திருப்ப விசை ஏது? தாழ்ந்த உயரத்தில் மின்சாரம் எடுப்பதன் முழுச் சிக்கலும் இந்த ஒரு நிகழ்வில் அடங்கியிருக்கிறது. தண்ணீர் குறைந்தாலும் நிற்கும், மிகுந்தாலும் நிற்கும்.

நம் வாசகரின் கேள்விக்கு இதிலிருந்து பாதிப் பதில் கிடைக்கிறது. வாய்க்கால் பூராவும் ஏன் எடுப்பதில்லை?

வாய்க்கால் வெட்டியவர்கள் இறக்கத்தைச் சேமிக்கத்தான் முயன்றார்கள் என்பதை முதலில் பார்க்கவேண்டும். வாய்க்கால் எவ்வளவு மேட்டிலேயே போகிறதோ அவ்வளவுக்குக் கீழே இருக்கும் நிலத்துக்குத் தண்ணீர் தானாகப் பாயும். அதனால்தான் அது மலையடிவாரத்தையும் மேட்டையும் ஒட்டி வளைந்து வளைந்து போகிறது. ஈரோடு மாவட்டத்துக் காலிங்கராயன் வாய்க்காலைப் பார்த்தவர்களுக்கு அந்த வளைவுகள் தெரியும். வாய்க்காலின் இறக்கத்தை மின்சாரத்துக்காக இழுத்துக்கொண்டால் அந்த அளவுக்கு ஆயக்கட்டு நிலம் மேட்டில் நின்றுபோகும். ஆகவே எங்கு வேண்டுமானாலும் கைவைக்க முடியாது. நிலமே வாய்க்காலைவிட வேகமாகச் சரிகிற இடங்களில், கரை அரிக்காமலிருக்கப் படிபோல ஓரிடத்தில் தண்ணீரைக் கீழே இறக்கியிருப்பார்கள். பொறியாளர்கள் 'டிராப்' என்பார்கள். அந்த இறக்கம் மட்டுமே நமக்கு மிச்சம். பழைய ஆற்றுத் தடுப்பணைகள், ஏரிகளின் மதகுகள், பெரிய வாய்க்காலிலிருந்து கிளை பிரிகிற ஷட்டர்கள் ஆகியவற்றிலும் சில இடங்கள் தேறும்.

தேறிய இடத்தில் இறக்கம் 2 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். உயரம் குறையக் குறைய, அதே மின்சாரத்துக்கு அதிகத் தண்ணீர் வேண்டும். அதிகத் தண்ணீருக்குப் பெரிய இயந்திரம் வேண்டும். பெரிய இயந்திரம் மெதுவாகச் சுற்றும். மெதுவாகச் சுற்றினால் நடுவில் கியர்பாக்ஸ் வைக்கவேண்டும். ஒரு கிலோவாட்டுக்கு ஆகும் செலவு மலைத் திட்டங்களைவிடக் கூடிக்கொண்டே போகும். ஆஸ்திரியாவின் விக்டர் கப்லான் 1913-ல் உருவாக்கிய, இறக்கைகளைத் திருப்பிக்கொள்ளக்கூடிய டர்பைன்தான் தாழ்ந்த உயரத்துக்கு இன்றும் வழிகாட்டி. தண்ணீர் ஏறினாலும் இறங்கினாலும் இறக்கையின் சாய்வை மாற்றிக்கொண்டு தாக்குப்பிடிக்கும். மிகத் தாழ்ந்த உயரத்துக்கு ஐரோப்பாவில் இப்போது திருகு வடிவ இயந்திரங்களை நிறுவுகிறார்கள். பழங்காலத்தில் தண்ணீரை மேலே ஏற்றப் பயன்பட்ட ஆர்க்கிமிடிஸ் திருகுதான். அதைத் தலைகீழாக இயக்கி, மேலிருந்து தண்ணீரை விட்டுத் திருகைச் சுற்றவைக்கிறார்கள். இலை தழை வந்தாலும் அடைக்காது, சிறு மீன்கள் உயிரோடு வெளியேறிவிடும்.

இலை தழை என்றதும் நம் வாய்க்கால்களை நினைத்துக்கொள்கிறேன். அணையடி நிலையத்தில் பெரிய தொல்லையாக இல்லாத ஒன்று வாய்க்காலில் முதல் தொல்லையாகிவிடும். குப்பை. டர்பைனுக்கு முன்னால் இரும்புக் கம்பித் தடுப்பு வைத்தாகவேண்டும். நம் வாய்க்காலில் முதல் தண்ணீர் வரும் நாளில் அந்தத் தடுப்பின்முன் நின்றால் என்னவெல்லாம் வந்து சேரும்? ஆகாயத்தாமரை, தென்னை மட்டை, வாழைத்தார்த் தண்டு, பிளாஸ்டிக் பை, பழைய மெத்தை, கோயில் மாலைகள், செத்த ஆடு. தடுப்பு அடைபட்டால் தண்ணீர் மட்டம் முன்பக்கம் ஏறும், பின்பக்கம் இறங்கும். உற்பத்தி குறைவது ஒரு பக்கம். கடைமடைக்குப் போகவேண்டிய தண்ணீரும் குறையும். இரவும் பகலும் அதை வாரிப்போட ஆளோ இயந்திரமோ வேண்டும். சிறு மின்நிலையத்தின் வரவுசெலவுத் திட்டத்தில் இந்த ஆளின் சம்பளத்தை மறந்துவிடுவதால்தான் பல நல்ல யோசனைகள் நடைமுறையில் நொண்டுகின்றன.

இன்னொன்று, மின்கம்பி. எங்கோ ஒரு மரக்கிளை விழுந்து லைன் ட்ரிப் ஆனால் டர்பைன் உடனே நின்றாகவேண்டும். டர்பைன் நின்றால் தண்ணீர் நிற்கக்கூடாது. பக்கத்திலேயே மாற்றுவழி ஒன்று இருந்து, அதன் ஷட்டர் தானாகத் திறந்து, வாய்க்கால் மட்டம் ஒரு சாணும் இறங்காமல் தண்ணீர் கீழே போய்க்கொண்டிருக்கவேண்டும். இந்த மாற்றுவழி இல்லாத எந்தத் திட்டத்துக்கும் ஒரு விவசாயியும் சம்மதிக்கக்கூடாது என்பது என் உறுதியான கருத்து.

சரி, இவ்வளவு சிக்கலுக்குப் பிறகு கிடைப்பது எவ்வளவு? 100 கன அடி ஓடும் ஒரு கிளை வாய்க்காலில் 2 மீட்டர் இறக்கத்தைப் பிடித்தால், எளிய இயந்திரத்தோடு, 39 கிலோவாட் வரும். 120 நாள் ஓடினால் 1 லட்சத்து 12 ஆயிரம் யூனிட். இரண்டு மாதத்துக்கு 200 யூனிட் செலவழிக்கும் வீடுகளாகப் பார்த்தால் ஏறத்தாழ 90 வீடுகளின் ஓராண்டுத் தேவை. தமிழ்நாட்டின் உச்ச மின் தேவை 2024 கோடையில் 20,000 மெகாவாட்டைத் தாண்டியது. அதன் முன்னால் 39 கிலோவாட் கண்ணுக்கே தெரியாது. வாய்க்கால் மின்சாரம் தமிழ்நாட்டின் பற்றாக்குறையைத் தீர்த்துவிடும் என்று யாராவது மேடையில் சொன்னால் நம்பவேண்டாம். ஓர் ஊராட்சியின் தெருவிளக்கும் குடிநீர் மோட்டாரும் அதில் ஓடும், அது போதாதா? மாநிலத்தில் 20 லட்சத்துக்கும் மேற்பட்ட விவசாய மின் இணைப்புகள் இருக்கின்றன. தண்ணீரை மேலே ஏற்ற நாம் மின்சாரத்தைக் கொட்டிக்கொண்டிருக்கிறோம். காலிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழிருந்து தண்ணீரை ஏற்றி 1,045 குளம் குட்டைகளுக்குக் கொண்டுபோகும் அத்திக்கடவு அவிநாசித் திட்டமும் முழுக்க மோட்டாரை நம்பியதே. வறண்ட ஊர்களுக்கு அது வந்தது பெரும் நிறைவு. ஏற்றுவதற்குச் செலவிடும் நாம், இறங்குகிற இடத்தில் கொஞ்சமாவது திரும்பப் பெறவேண்டும் என்பதே என் ஆசை.

எப்போது கிடைக்கிறது என்பதும் முக்கியம். நம் காற்றாலைகள் மே முதல் செப்டம்பர் வரை நன்றாகச் சுற்றும், பிறகு தளர்ந்துவிடும். ஐப்பசி, கார்த்திகை மேகமூட்டத்தில் சூரிய மின்சாரமும் மங்கும். கீழ்பவானியில் முதல் பருவத்துக்கு வழக்கமாக ஆகஸ்ட் நடுவில் தண்ணீர் திறந்து டிசம்பர் வரை விடுகிறார்கள். காற்றும் வெயிலும் கைவிடும் மாதங்களில் வாய்க்கால் இரவிலும் ஓடுகிறது. அளவில் சிறியதானாலும் அந்த நேரத்து யூனிட்டுக்கு மதிப்பு அதிகம்.

இதுவரை சொன்னதெல்லாம் பொறியியல். எனக்கு அதைவிடப் பெரிய கவலை ஒன்று உண்டு: ஷட்டரின் சாவி யார் கையில் இருக்கும்?

மின்சாரத்துக்கு விலை அதிகமாவது தேவை உச்சத்தில் இருக்கும் மாலை நேரத்தில். மின்நிலையம் நடத்துகிறவருக்குப் பகலில் தண்ணீரை நிறுத்திவைத்து மாலையில் விட்டால் லாபம். நெல்லுக்கு அந்தக் கணக்கு தெரியாது. கதிர் பிடிக்கும் நேரத்தில் நான்கு நாள் தண்ணீர் தள்ளிப்போனால் பதராகிவிடும். முறைவைத்துத் தண்ணீர் விடும் வாய்க்காலில் ஒரு மணிநேரம் மட்டம் இறங்கினாலே தலைமடைக்காரருக்கும் கடைமடைக்காரருக்கும் சண்டை மூளும். எனவே விதி ஒன்றே ஒன்று: பாசனத்துக்காக நீர்வளத் துறை எப்போது எவ்வளவு திறக்கிறதோ, அப்போது அவ்வளவுக்கு மட்டும் மின்சாரம். மின்சாரத்துக்காக ஒரு மணிநேரம்கூடத் தண்ணீரை நிறுத்தவோ முன்கூட்டித் திறக்கவோ கூடாது. ஒப்பந்தத்தின் முதல் வரியாக இது இருக்கவேண்டும்.

இப்படி நடத்தமுடியும் என்பதற்கு இலங்கையில் சான்று இருக்கிறது. அம்பாறை மாவட்டத்தில் கல்லோயாத் திட்டத்தின் சேனநாயக்க சமுத்திரத்தில், இங்கினியாகலையில், 11.25 மெகாவாட் நிலையம் உள்ளது. கிழக்கு மாகாணத்துத் தமிழ், முஸ்லிம், சிங்கள விவசாயிகளின் வயல்களுக்குப் பாயும் தண்ணீர் அது. தெற்கே உடவளவையில் 6 மெகாவாட். இரண்டிலும் மின் உற்பத்தி வயலுக்கு விடும் நீரைப் பின்பற்றியே நடக்கிறது.

காட்டாறுகளைத் திருப்பி மின்சாரம் எடுக்கும் திட்டங்களையும் 'சிறு புனல் மின்நிலையம்' என்றே அழைக்கிறார்கள். இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பக்கூடாது. மேற்குத் தொடர்ச்சி மலையில் இன்னும் தடையில்லாமல் ஓடும் ஓர் ஓடையைக் குழாய்க்குள் அடைத்தால், நடுவில் பல கிலோமீட்டருக்கு ஓடை வறண்டுபோகும். அங்கே மட்டுமே வாழும் மீனும் தவளையும் போய்விடும். இயந்திரம் சிறியது என்பதால் கேடும் சிறியது ஆகிவிடாது. நான் கேட்பது புதிய அணை இல்லாத, புதிதாக ஒரு சென்ட் நிலமும் மூழ்காத, மனிதன் ஏற்கெனவே தடுத்துவைத்து இறக்கிக்கொண்டிருக்கும் தண்ணீரில் எடுக்கும் மின்சாரம். அதற்கு என் முழு ஆதரவு. மலையோடைகளைத் திருப்புவதற்கு இல்லை.

புதிதாகக் கட்டுவதற்கு முன் பழையவற்றைப் பார்க்கவேண்டும். வைகையிலும் பவானிசாகரிலும் ஓடுகிற இயந்திரங்கள் பல ஆண்டுகள் உழைத்தவை. தேய்ந்த இறக்கைகளை மாற்றி, தாழ்ந்த நீர்மட்டத்திலும் ஓடும்படி செப்பனிட்டால், புதிதாக ஓர் இடம் தேடாமலே கூடுதல் யூனிட்டுகள் கிடைக்கும். இது அடிக்கல் நாட்டு விழா இல்லாத வேலை. அதனாலேயே தள்ளிப்போகிற வேலை.

பணம் யாருக்கு என்பதையும் பேசியாகவேண்டும். மின்சாரம் விற்ற பணம் முழுவதும் மின் நிறுவனத்தின் கணக்குக்கே போனால், விவசாயிக்குக் கிடைப்பது குப்பைத் தடுப்பும் சண்டையும்தான். 2000-ஆம் ஆண்டுச் சட்டப்படி நீரினைப் பயன்படுத்துவோர் சங்கங்கள் அமைந்திருக்கின்றன. பெரும்பாலும் தூர்வாரக்கூடக் கையில் பணம் இருப்பதில்லை. அந்தந்த வாய்க்காலில் எடுக்கும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் ஒரு பங்கு அந்தச் சங்கத்துக்கு வரவேண்டும். மதகு பழுதுபார்க்கவும், கரை கட்டவும், மதகைத் திறந்து மூடும் லஸ்கர்களின் குறைந்துபோன எண்ணிக்கையை ஈடுசெய்ய ஆள் வைக்கவும் அது உதவும். கீழ்பவானி வாய்க்காலில் கான்கிரீட் போடும் திட்டம் வந்தபோது விவசாயிகளே இரண்டு தரப்பாகப் பிரிந்து போராடியதை நாம் பார்த்தோம். கசிவுநீரை நம்பியிருந்தவர்களுக்கும், கடைமடையில் தண்ணீருக்காகக் காத்திருந்தவர்களுக்கும் தனித்தனி நியாயம் இருந்தது. திட்டம் தீட்டும் நாளிலேயே இரு தரப்பையும் உட்காரவைத்துப் பேசியிருந்தால் இவ்வளவு மனக்கசப்பு வந்திருக்காது. மின்சாரத் திட்டத்திலாவது முதல் நாளிலேயே பேசவேண்டும்.

இந்த வேலைக்கு வாசகர்களின் உதவி தேவைப்படுகிறது. உங்கள் ஊர் வாய்க்காலில், ஏரி மதகில், தடுப்பணையில் எங்கெல்லாம் தண்ணீர் ஒரு மீட்டருக்கு மேல் இறங்கி விழுகிறது என்று எங்களுக்கு எழுதுங்கள். அளவெடுப்பது கடினமில்லை. இறக்கத்துக்கு, கொத்தனார் வைத்திருக்கும் டியூப் லெவல் போதும். மேல் தண்ணீர் மட்டத்துக்கும் கீழ் மட்டத்துக்கும் உள்ள வேறுபாட்டைக் குறித்துக்கொள்ளுங்கள். தண்ணீரின் அளவுக்கு, நேராக ஓடும் இடத்தில் 10 மீட்டர் நீளத்தை அடையாளம் செய்து, தேங்காய் மட்டைத் துண்டு ஒன்றை மிதக்கவிட்டு எத்தனை விநாடி ஆகிறது என்று பாருங்கள். நான்கைந்து முறை விட்டுச் சராசரி எடுப்பது நல்லது. 10-ஐ அந்த விநாடிகளால் வகுத்து, வாய்க்காலின் அகலத்தாலும் சராசரி ஆழத்தாலும் பெருக்கி, மேற்பரப்பில் வேகம் அதிகம் என்பதால் 0.85-ஆலும் பெருக்கினால் நொடிக்கு எத்தனை கன மீட்டர் என்று வரும். 4 மீட்டர் அகலம், 1 மீட்டர் ஆழம், 12 விநாடி என்றால் 2.83 கன மீட்டர். அதுதான் 100 கன அடி. ஆண்டுக்கு எத்தனை நாள் தண்ணீர் ஓடுகிறது என்பதை உங்கள் ஊர்ப் பெரியவர்களிடமும் லஸ்கரிடமும் கேட்டு எழுதுங்கள்.

தனியாகப் போகாதீர்கள், பிள்ளைகளை மட்டும் அனுப்பாதீர்கள். மதகுக்கும் ஷட்டருக்கும் அருகில் தண்ணீரில் இறங்கவே கூடாது. மேலே அமைதியாகத் தெரிந்தாலும் அடியில் இழுக்கும். ஆழத்தைத் தண்ணீர் நின்ற பிறகு அளந்துகொள்ளலாம், கரையில் ஈரத்தடம் இருக்கும்.

வருகிற அளவுகளை எல்லாம் மாவட்டவாரியாகத் தொகுத்து இதே இதழில் வெளியிடுவோம். நீர்வளத் துறைக்கும் மின்துறைக்கும் ஒரு படி அனுப்புவோம். கடித உறையின் மேல் 'வாய்க்கால் இறக்கம்' என்று மறக்காமல் எழுதுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்